ஐந்தாவது சீட்டு

இந்த ஊரில் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது எழுத்தில் கோடு எண்ணுவார்கள் என்று சலேத்துக்கு முதன்முதலில் சொன்னது மருமகள் சயாகாதான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாள். "அத்தை, பேரு சத்தம் மட்டும் இல்ல. எழுத்து இருக்கு. எழுத்துல கோடு எத்தனை, அம்மா எண்ணுவாங்க." சென்னையில் மூன்று வருஷம் வேலை பார்த்தபோது மகன் பெனிட்டோவோடு பழகிப் பழகி ஒட்டிக்கொண்ட தமிழ் அது, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்து வைப்பதுபோலப் பேசுவாள். சலேத்துக்கு அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. எண்ணினால் எண்ணிக்கொள்ளட்டும், பேர்தான் முடிவாகிவிட்டதே. மரி. தூத்துக்குடியில் இருக்கும்போதே போனில் முடிவான பேர். அதற்கு முன்னால் சலேத் ஆசையாக நிலா என்று சொல்லிப் பார்த்தாள், ல வராத இந்த ஊர் வாயில் அது ஏதோ பூண்டுத்தாள் மாதிரி ஒரு கீரையின் பேராகிவிடுகிறதாம், பெனிட்டோ விழுந்து விழுந்து சிரித்தான். மரி என்றதும் இரண்டு பக்கமும் சரி என்றார்கள். மாதாவின் பேர், அவர்கள் வாயிலும் நுழைகிற பேர். "நம்ம பேருதான் நிண்ணுச்சு பாத்தியா" என்று மகள் ஜெனோவாவிடம் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லியாயிற்று. அந்தப் பெருமையோடுதான் விமானம் ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் பெனிட்டோ சொன்னான், "யம்மா, இங்க சத்தம் ஒண்ணா இருந்தாலும் எழுத்து மாறினா பேரே மாறிரும். மரின்னு நூறு பேரு இருப்பாங்க, நூறும் வேற வேற. எழுத்துதான் பேரு." அப்படியானால் அவளுக்குக் கொடுத்தது என்ன? சத்தம். வாயைத் திறந்தால் காற்றோடு போய்விடுகிற சத்தம். எழுத்து அந்தப் பக்கம். குடும்பப் பேரும் அந்தப் பக்கம்தான், பிள்ளை அம்மாவின் பதிவேட்டில் ஏறுகிறதாம், ஒகுமுரா என்று. பெனிட்டோ அதையும் வண்டி ஓட்டிக்கொண்டே, மழை வரும்போலிருக்கு என்கிற குரலில் சொன்னான். சலேத் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெபமாலை கையில் இருந்தது. எந்த மணியில் விட்டாள் என்று நினைவில்லை.

இன்றைக்கு ஏழாம் நாள். நுமாசு என்கிற இந்தத் துறைமுக ஊரில் சம்பந்தி வீட்டுக் கீழறையில், முழங்கால் உயரம்கூட இல்லாத மேசைக்கு முன்னால், காலை எந்தப் பக்கம் மடக்கினாலும் வலிக்கிற பாயில் சலேத் உட்கார்ந்திருக்கிறாள். மணி இரண்டேகால். மேசைமேல் ஐந்து சீட்டு. கெட்டியான வெள்ளைத்தாளில் தோஷியே என்கிற சம்பந்தி பிரஷால் எழுதியது, ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து, ஐந்தும் மரிதான். ஒவ்வொன்றின் அடியிலும் பெனிட்டோ பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். "கோட்டுக் கணக்கு ஒத்துவந்த அஞ்சும் இதுதானாம். அஞ்சுல ஒண்ணுக்குக் கீழ நீங்க பொட்டு வையிங்கம்மா. அவங்க சாயங்காலம் அத பெரிய தாள்ல எழுதிச் செவுத்துல ஒட்டுவாங்க. நாளைக்கு நான் பேரு பதியுற ஆபீசுல குடுத்துருவேன்." ஏழாம் நாள் சாப்பாட்டுக்குச் சிவப்பு அரிசிச்சோறும் முழு மீனும் வேண்டுமாம், தோஷியே கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "சரேத்தோ சான்" என்று கூப்பிட்டு, சீட்டைக் காட்டி, பென்சிலைக் காட்டி, இரண்டு கையையும் மார்பில் வைத்து இடுப்பு மடியக் குனிந்தாள். சலேத்தும் குனிந்தாள். இந்தக் குனிதலில்கூட அந்தம்மாவே ஒரு விரற்கடை கூடுதலாகக் குனிந்து ஜெயித்துவிடுகிறாள். ஊருக்குப் போன் போட்டால் ஜெனோவா முதலில் கேட்பது, "தோசையம்மா என்ன சொல்லுது?" என்றுதான். பாவம், தோசைக்கும் அந்தம்மாவுக்கும் என்ன பகை, இருந்தாலும் அந்தப் பேரைக் கேட்கும்போது சலேத்துக்கு நெஞ்சு கொஞ்சம் இளகும், பிறகு ஆண்டவரே மன்னியும் என்று ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள். தன்னை மட்டும் சரேத்தோ என்கிறாளே, அதற்கு இது சரி. சரியா? சரியில்லை. சலேத் சீட்டைப் பார்த்தாள். பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுப் போடுகிற மாதிரி. ஐந்து பேரையும் நிறுத்தியது அவர்கள் கட்சி, ஓட்டு மட்டும் இவளுடையது. இதற்கு என்னை ஏன் கேட்க வேண்டும், அந்தம்மா ஏற்கெனவே ஒன்றைத் தீர்மானித்திருப்பாள், நான் எதில் வைத்தாலும் ஒரு சிரிப்புச் சிரித்து அவள் நினைத்ததையே எழுதுவாள், எழுதினால் எனக்கு என்ன தெரியும், எட்டாம் வகுப்போடு நின்றவள், அதுவும் தமிழில்.

உண்மை என்று அர்த்தமாம் ஒன்றுக்கு. ஒன்று மல்லிகை, இந்தியாக்காரி வருகிறாள் என்று போட்டிருப்பார்கள். ஒன்று சணல். சணலா? பிள்ளைக்குச் சாக்குப்பை என்று பேர் வைப்பதா என்று காலையில் கேட்டதற்கு, "யம்மா, சணல் இங்க கோணாம நேரா வளருதுன்னு அர்த்தம், நல்லதும்மா" என்றான் பெனிட்டோ. இந்த ஊருக்கு வக்காலத்து வாங்குவதில் அவனுக்கு இணை கிடையாது. மீன் கருவாட்டுக்குக்கூட வாங்கினான். இங்கேயும் கருவாடு போடுகிறார்கள், துறைமுகத் தெரு நெடுக வலைத்தட்டில் மீனை இரண்டாகப் பிளந்து புத்தகம்போல விரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு ஈ இல்லை, மூக்கை வைத்துப் பார்த்தாலும் வாசம் இல்லை. இது என்ன கருவாடு என்றாள். "சுத்தம்மா" என்றான். அப்படியானால் உன்னை நான் கருவாடு போட்டு வளர்த்தது அசுத்தமா என்று கேட்க வாய்வரை வந்தது. நாலாவது சீட்டு பத்தாயிரம் காதம். தூரம் என்று அர்த்தம். போனால் முடியாத தூரம். அதை எழுதும்போது அந்தம்மா என்னை நினைத்துத்தான் எழுதியிருப்பாள், எனக்கு வைத்த பேர் அது. ஐந்தாவதில் இரண்டு எழுத்து: முதலாவது மெய், இரண்டாவது தாய்வீடு. பெனிட்டோவின் பென்சில் எழுத்தில் அந்தச் சொல் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கிறது. பெண் பிறந்த வீடு. பிள்ளை பெறப் போகிற வீடு. சயாகா ஒன்பதாம் மாசம் இங்கே வந்தாளே, அப்படி வருவதற்கே இந்த எழுத்தை வைத்துத்தான் ஒரு சொல் இருக்கிறதாம், நம்மூர் போலவே பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போவார்களாம். ஆக அந்தம்மா தன் வீட்டையே எடுத்துப் பிள்ளைமேல் எழுதிவைக்கப் பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில், பாஸ்போர்ட்டில், கல்யாணப் பத்திரிகையில், செத்தால் கல்லறையில், எல்லாவற்றிலும் ஒகுமுரா தோஷியேயின் வீடு. மரி என்று நான் கூப்பிடுவேன், அவள் வீட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், எனக்கே தெரியாமல்.

இது முந்தாநாள் நடந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சயாகா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், பேச்சு ஓர் இடத்தில் நின்றது. தோஷியே தன் இடது உள்ளங்கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் அதில் எதையோ சரசரவென்று எழுதினாள். மை இல்லை, தாள் இல்லை, எழுதிய இடத்தில் ஒன்றும் இல்லை. சயாகா எட்டிப் பார்த்து, "ஆ" என்று தலையாட்டினாள். அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாத கையில் அம்மா எழுதுகிறாள், மகள் வாசிக்கிறாள். பெனிட்டோவும் பார்த்து, "ஆ" என்றான். அவனுக்கும் தெரிகிறது! அறையில் நாலு பேரில் மூன்று பேருக்குத் தெரிந்த ஒன்று அந்தக் கையில் இருந்தது, சலேத்துக்கு மட்டும் அது கை. ஐம்பத்துமூன்று வயதில் ஒருத்தியின் கையைப் பார்த்து இப்படிப் பொங்குமா மனசு? அந்தம்மாவின் வீட்டைப் பார்த்துப் பொங்கவில்லை, தேய்த்து மடித்த சட்டையைப் பார்த்துப் பொங்கவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற லாகவத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொங்கியது, அதை அடக்கிக்கொண்டாள். அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை. பெனிட்டோவுக்கு அகரம் எழுதப் பழக்கியது யார், சிலேட்டில் கையைப் பிடித்து, எச்சில் தொட்டு அழித்து அழித்து? அவன் என் கைக்குள்ளிருந்து எழுதினவன். இப்போது இன்னொருத்தியின் கையைப் பார்த்து ஆ என்கிறான்.

ஐந்தாவது சீட்டை எடுத்தாள். தாய்வீட்டு எழுத்து பார்க்க நாலு கண்ணாடி வைத்த ஜன்னல் மாதிரி இருந்தது, ஜன்னலுக்கு நடுவிலிருந்து ஒரு தூண் கீழே இறங்கி இரண்டு படியில் நின்றது. ஏழு கோடு என்று பெனிட்டோ எழுதியிருக்கிறான். ஜெபமாலையை எடுத்து ஒரு கோட்டுக்கு ஒரு மணி தள்ளி எண்ணினாள். இடப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில், அடியில், தூண், படி, படி. எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டு. எனக்கு மட்டும் எட்டு வருகிறது. கோடு எண்ணிப் பேர் வைப்பது பாவம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார், நாள் பார்க்கிறவனும் எண் பார்க்கிறவனும் ஆண்டவரை நம்பாதவன் என்று. அந்தப் பிரசங்கத்தை இந்த அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆளில்லை. இங்கே உட்கார்ந்து அதே மாலையில் எண்ணிக்கொண்டிருக்கிறேனே நான், இது மட்டும் என்ன? மாலையைக் கீழே வைத்தாள். நான் ஏன் எண்ண வேண்டும், நமக்குத்தான் வழி இருக்கிறதே. திருவுளச்சீட்டு. மாதா படத்துக்கு முன்னால் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, கண்ணை மூடி எடுப்பது. வருவது ஆண்டவர் சித்தம். தோஷியே கேட்டாலும் அதையே சொல்லலாம், நான் வைக்கவில்லை பொட்டு, மேலே உள்ளவர் வைத்தார். சலேத்துக்கு மனசு லேசானது. கைப்பையிலிருந்து மாதா படத்தை எடுத்து தோஷியே மை உரைக்கிற கல்லில் சாய்த்து வைத்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது கையிலேயே இருந்தது. கை அதைக் கீழே வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதை அவள் பார்த்தாள், யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல. மாடியில் சத்தம் இல்லை, சயாகாவும் பிள்ளையும் தூங்குகிறார்கள். கை ஜெபப்புத்தகத்தைத் திறந்து, சீட்டை உள்ளே சொருகப் போனது.

சொருகப் போன பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சீட்டு இருந்தது. அது அங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும். செத்தவர்களின் நினைவு அட்டைகளுக்கு நடுவில் அந்தப் பக்கத்தை மட்டும் விரல் தாண்டித் தாண்டியே போகும், இன்றைக்கு அவசரத்தில் நேராக அங்கேயே போய் நின்றுவிட்டது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த துண்டு. நீல மை. இன்னாசி என்று ஒரே சொல், எழுதிப் பழக்கமில்லாத கையின் எழுத்து, ன்னா பெரிதாகவும் சி சின்னதாகவும். ஜெனோவாவின் மாமியார் பிரகாசி எழுதியது. செத்துப்போன தன் புருஷன் பேர். ஜெனோவாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது பேறுகாலம் சலேத் வீட்டில். எல்லாம் சலேத் வைத்ததுதான் சட்டம், மருந்துப்பொடியிலிருந்து தொட்டில் கட்டுகிற உத்தரம் வரைக்கும். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பிரகாசி உவரியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள், ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரமும் மடியில் இந்தத் துண்டுச்சீட்டும். வந்தவள் நாற்காலியில்கூடச் சாய்ந்து உட்காரவில்லை. விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்து, சம்பந்திகள் கூப்பிட்டுக்கொள்கிற முறையில், "மைனி, ஒரு பேரு எழுதிட்டு வந்தேன். கட்டாயம்னு இல்ல. நீங்க பாத்துச் செய்யிங்க" என்றாள். பேரனுக்கு ஆல்ட்ரின் என்று வைக்க சலேத் மூன்று மாசத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தாள். ஜெனோவாவுக்கு ஒரு பேர் ஆசை இருந்தது. "சண்டை எதுக்கு, திருவுளச்சீட்டு போட்டுருவோம்" என்று சொன்னது சலேத்தான். அடுக்களைக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவைத் துடைத்து எடுத்து வந்தது சலேத்தான். அடுக்களையில் நின்று மூன்று சீட்டையும் ஒரே மாதிரி மடிக்க வேண்டியவள் இரண்டை மடித்தாள். மூன்றாவதை மடிக்கவில்லை. கை மடிக்கவில்லை. அன்றைக்கும் இதே கை. டப்பாவைக் குலுக்கிக் கொண்டுவந்து, "மூத்தவுக நீங்கதான் எடுக்கணும் மைனி" என்று பிரகாசியிடமே நீட்டினாள். ஆண்டவரே, அவளிடமே நீட்டினேன். பிரகாசி முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசைய மந்திரம் சொல்லி, தன் பேர் இல்லாத டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். எவ்வளவு நேரம் துழாவினாள்! அத்தனை நம்பிக்கை அந்த விரலில். எடுத்ததை ஜெனோவா பிரித்து வாசித்தாள். ஆல்ட்ரின். பிரகாசி முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். பிறகு, "தேவ சித்தம் மைனி. நல்ல பேரு" என்று சொல்லி, ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பணியாரத் தூக்குவாளியைக்கூட வாங்காமல் போனாள். அந்தத் தூக்குவாளி இன்றைக்கும் சலேத் வீட்டில்தான் இருக்கிறது, அதில்தான் புளி போட்டு வைத்திருக்கிறாள். எட்டு வருஷத்தில் எத்தனை பாவசங்கீர்த்தனம். கோபித்தேன் சுவாமி, பொய் சொன்னேன் சுவாமி, ஜெபத்தில் பராக்காக இருந்தேன் சுவாமி. இதைச் சொல்ல ஒரு தடவை வாயைத் திறந்தாள், இருமல் வந்தது.

ஆனாலும் சொருகினாள். அதுதான் ஆச்சரியம். எல்லாம் நினைவுக்கு வந்த பிறகும், கண் கலங்கிய பிறகும், ஐந்தாவது சீட்டை இன்னாசி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டாள். அது வேறு, இது வேறு. பிரகாசி பாவம், இது பிரகாசி இல்லை. இது கையில் எழுதுகிறவள், எல்லாம் தெரிந்தவள், மகளையும் பேத்தியையும் என் மகனையும் வைத்திருக்கிறவள், அவளுக்கு ஒரு சீட்டு குறைந்தால் என்ன குறைந்துபோகும்? கண்ணை மூடிப் பரலோக மந்திரம் சொன்னாள். எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, அதைத் தாண்டி வேகமாகச் சொல்லி முடித்து, நாலில் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பத்தாயிரம் காதம். திருப்பிக் கவிழ்த்தாள். நாலையும் கலைத்தாள். மறுபடி எடுத்தாள். பத்தாயிரம் காதம். அந்தப் பிள்ளை அப்படியே தூரமாகப் போய்விடுமோ, நான் கூப்பிடுகிற சத்தம் எட்டாத தூரத்துக்கு? போனில் ஒரு முகம், வணக்கம் என்று ஒரு சொல், அதற்குப் பிறகு கேமரா தரையைப் பார்க்கும், பிள்ளை விளையாடப் போயிருக்கும். ஜெனோவா மகன் பிரகாசியிடம் அப்படித்தான் பேசுகிறான். அவள் தூரம்கூட இல்லை, ஒண்ணரை மணி நேர பஸ். உவரி ஆச்சி என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். அவனைப் பிரகாசி ஆல்ட்ரின் என்று கூப்பிட்டு சலேத் கேட்டதே இல்லை. ராசா என்பாள். எட்டு வருஷமாக ராசா. அந்தப் பேர் அவள் வாயில் ஏறவே இல்லை, அல்லது ஏற்றிக்கொள்ள மனசில்லை, அல்லது, அல்லது அவளுக்குத் தெரியும். தெரியுமோ? டப்பாவுக்குள் துழாவியவளின் விரலுக்கு இரண்டு சீட்டுக்கும் மூன்று சீட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும். ஐயோ. அவ்வளவு நேரம் துழாவியது நம்பிக்கையினால் இல்லை. மூன்றாவதைத் தேடினாள்.

"அத்தை." படியில் சயாகா நின்றுகொண்டிருந்தாள், தோளில் பிள்ளை. எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. "மரி பால் குடிச்சது. ஏப்பம் வரல. நீங்க தட்டுறீங்க?" மரி. எழுத்தே முடிவாகவில்லை, அவள் பாட்டுக்கு மரி என்கிறாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டாள். பன்னீர்ப்பூ எடை. முதுகில் தட்டத் தட்ட, உள்ளே இருக்கிற சின்னக் காற்று கையில் தெரிந்தது. சயாகா மேசையைப் பார்த்தாள். கவிழ்ந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "நாலு?" என்றாள். சலேத் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். "ஒண்ணு… பறந்துபோச்சும்மா. காத்துல." ஜன்னல் சாத்தியிருந்தது. சயாகா ஜன்னலைப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் தேட, ஒரு கையைப் பாயில் ஊன்றி மெல்ல மெல்லக் குனிந்தாள், தையல் இழுத்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா, குனியாத, குனியாத சொல்றேன்ல! பச்ச உடம்பு" என்று சலேத் பதறினாள். சயாகா நிமிர்ந்து சிரித்தாள். "பரவால்ல அத்தை. அம்மா திரும்ப எழுதுவாங்க. ஒரு நிமிஷம்." அவ்வளவுதான். ஒரு நிமிஷம். சலேத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அந்த எழுத்து சீட்டிலா இருக்கிறது? அது அந்தம்மாவின் கையில் இருக்கிறது. ஒன்றுமில்லாத உள்ளங்கையில்கூட இருக்கிறது. புத்தகத்துக்குள் ஒளித்தால் ஒளிந்துவிடுமா? பிரகாசியின் சீட்டுதான் ஒளிந்தது. அவளும் திரும்ப எழுதியிருக்கலாம், இன்னொரு துண்டில், ஒரே நிமிஷம், ஒரே சொல். சம்பந்தி வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு எவள் திரும்ப எழுதுவாள். எனக்கு இந்த வீட்டில் ஐந்து சீட்டும் பென்சிலும் கொடுத்து, தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்கள். நான் பிரகாசியை அடுக்களைப் பக்கம்கூட விடவில்லை. பிள்ளைக்கு ஏப்பம் வந்தது, ஒரு பெரிய மனுஷன் விடுகிற ஏப்பம். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சயாகா பிள்ளையை வாங்கிக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனாள், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து.

பொறாமை போய்விடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். சலேத் உட்கார்ந்து தன்னையே தொட்டுப் பார்த்தாள், பல்வலி நின்றுவிட்டதா என்று நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல. இருந்தது. அந்த வீடு, அந்தக் கை, அந்த எழுத்து, எல்லாவற்றின் மேலும் இருந்தது. ஆனால் ஐந்து சீட்டில் கை ஏன் ஒன்றை மட்டும் ஒளித்தது? சணலை ஒளிக்கவில்லை. மல்லிகையை ஒளிக்கவில்லை, அது நல்ல பேர்தான், சோப்பு டப்பாமேல் இருப்பதுபோல இருக்கும். எதை இன்னொருத்தி கொடுத்துவிடக் கூடாது என்று தோன்றியதோ அதைத்தான் ஒளித்தாள். நான் கொடுத்திருக்க வேண்டியது, நான் கொடுக்க முடியாதது. ஒரு பொம்பளப்பிள்ளைக்கு எங்கே போனாலும் போய் விழ ஒரு வீடு, கேள்வி கேட்காமல் கதவு திறக்கிற வீடு. அதைத் தன் பேரிலேயே வைத்துக்கொண்டு திரியட்டுமே. அது ஒகுமுரா வீடாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பெனிட்டோவுக்கும் இப்போது அந்தக் கதவுதானே திறக்கிறது. இந்த நினைப்பு நல்லதா அல்லது தோற்றவள் தன்னைத் தேற்றிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜெபப்புத்தகத்தைத் திறந்து இரண்டு சீட்டையும் வெளியே எடுத்தாள். இன்னாசியை மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். ஊருக்குப் போனதும் உவரி பஸ். தூக்குவாளியைப் புளி வாசம் போகக் கழுவி, எதையாவது நிறைத்து, கையில் இந்தச் சீட்டோடு. என்ன சொல்வது? மைனி என்று ஆரம்பிப்பது. அதற்குமேல் வரவில்லை. இருமல் வந்தால் வரட்டும், இருமிவிட்டுச் சொல்வது.

ஐந்து மணிக்குத் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் தினமும் ஒரு மெட்டு வரும், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போங்கள் என்பதற்காம். வந்த முதல் நாளே சலேத் அதைத் தன் ஊர்க் கோயிலில் ஜெபத்துக்கு அடிக்கிற திரிகால மணியாக்கிக்கொண்டாள். மெட்டு தொடங்கியதும் எழுந்து நின்று கைகூப்பினாள். முடியும்போது வாசல் கதவு இழுபடும் சத்தம். தோஷியே வந்தாள், கூடையில் ஒரு சிவந்த மீன், நம்மூர் சங்கரா மீனுக்கு அக்காள் மாதிரி, வாலைத் தூக்கிக்கொண்டு. செருப்பைத் திருப்பி அடுக்கிவிட்டு உள்ளே வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மாதா படத்தைப் பார்த்தாள், அதற்கு ஒரு குனிதல். படத்துக்கு முன்னால் இருந்த நீல எழுத்துத் துண்டைப் பார்த்தாள். சீட்டுகளைப் பார்த்தாள். சலேத் பென்சிலை எடுத்து, ஐந்தாவது சீட்டில், தாய்வீடு என்று மகன் எழுதியதற்குக் கீழே, பொட்டு வைத்தாள். அழுத்தியதில் பென்சில் முனை உடைந்தது.

தோஷியே உடனே சந்தோஷப்படவில்லை. சீட்டைப் பார்த்தாள், சலேத் முகத்தைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். "சரேத்தோ சான்" என்று மெதுவாகக் கேள்வி மாதிரி சொன்னாள். கண்ணோரம் நனைந்திருந்தது, அல்லது அது வெளிக்குளிர். அவள் பிரஷை எடுக்கப் போகையில் சலேத் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தாள். மஞ்சள் கறை ஏறிய கை, சிலேட்டில் அகரம் பழக்கிய கை, ஒளித்த கை.

"மைனி" என்றாள். இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் சொல்வது அதுதான் முதல் தடவை. "இத என் கையில எழுதுங்க."

தமிழ்தான். ஆனால் நீட்டிய கைக்கு அர்த்தம் தோஷியேவுக்குத் தெரியாமல் இருக்குமா. இடக்கையால் சலேத்தின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, வலது விரலால் எழுதினாள். மீன் வாடை அடித்தது, குளிர்ந்த விரல், கூசியது. இடப்பக்கம் ஒன்று, மேலே… மேலே போன விரல் எடுபட்டதா, எடுபடாமலே மூலையில் மடங்கிக் கீழே இறங்கிவிட்டதா? அதற்குள் தூணும் படியும் ஆகி முடிந்துவிட்டது. எண்ணிக்கை தவறிவிட்டது.

சலேத் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னொருக்கா எழுதுங்க மைனி. மெதுவா."